மூன்றாவது ஃப்ளேயர்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் என்னுடையது. பதினொரு மனுக்களில் பதினொரு தடவை அதை எழுதியிருக்கிறேன். தட்டச்சு செய்து, கொப்பி எடுத்து, பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன்.

எட்டியாந்தோட்டை பஸ் நிலையத்துக்கு எதிரே எனக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. தொலைபேசி, போட்டோக் கொப்பி, தட்டச்சு. சிங்களம் எழுதப் படிக்கத் தெரிந்த தமிழன் என்பதால், சுற்றியுள்ள ரப்பர் தோட்டங்களில் யாருக்கு அரசாங்கத்திடம் என்ன தேவைப்பட்டாலும் என்னிடம்தான் வருவார்கள். பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, சேமலாப நிதி. 2007 மார்ச்சில் ஷாமிளா வந்தாள். தோட்டத்து மேல் டிவிசனில் ரப்பர் பால் வெட்டுகிற பெண். தம்பியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள், ஒரு மனு எழுத வேண்டும் என்றாள். அழவில்லை. அழுதால் நான் சரியாக எழுதமாட்டேன் என்று நினைத்தாளோ என்னவோ.

நான் எழுதியது இது: "எனது சகோதரர் கிருஷாந்த் அறியாமையினால் மேற்படி பொருட்களைக் கடலுக்கு எடுத்துச் சென்றுள்ளார். அன்னாரது தவறைப் பெருமனதுடன் மன்னித்து..."

மேற்படி பொருட்கள் என்பவை மூன்று ஃப்ளேயர்கள். கடலில் ஆபத்து வந்தால் கையில் பிடித்துக் கொளுத்துகிற சிவப்பு வெளிச்சக் குழல்கள்.

இருபத்திரண்டு மாதம் கழித்து வெளியே வந்த கிருஷாந்த், என் கடையில் உட்கார்ந்து, வீட்டாருக்காக நான் வைத்திருந்த தமிழ்ப் பிரதிகளை ஒவ்வொன்றாகப் படித்தான். படித்து முடித்து, விளிம்பு தட்டி அடுக்கி, மேசையில் வைத்தான்.

"அறியாமையா, அண்ணே?"

"அப்புடி எழுதுனாத்தான்டா எரங்குவாங்க."

"அந்தக் கரையிலயே எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரிஞ்சிருந்திச்சி. தெரிஞ்சதாலதான் கொண்டு போனேன். நீங்க என்னைய ஒன்னுந் தெரியாத ஆளாக்கி, அதுக்கு மன்னிப்பும் கேட்டிருக்கீங்க."

போட்டோக் கொப்பி மெஷினில் தாள் சிக்கியிருப்பதுபோல அதன் மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒழுங்கா ஒரு தடவ எழுதுங்க," என்றான். "யாருக்கும் அனுப்ப வேணாம்."

அதைத்தான் எழுதுகிறேன். கோபத்தோடு எழுதுகிறேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனுவில் கோபத்துக்கு இடம் கிடையாது. 'தயவுடன்', 'தாழ்மையுடன்', 'கீழ்ப்படிவுடன்' என்று இருபத்தாறு வருடமாக எழுதிய கை இது. வாக்கியம் எங்காவது குழைந்தால் அது பழக்கதோஷம். நீங்கள் அதை நிமிர்த்தி வைத்துப் படியுங்கள்.

2

முதல் தொடக்கம்: கடல் அன்று நீலப் பட்டு விரித்ததுபோல

[வெட்டிவிட்டேன். கடலை நான் வாழ்நாளில் ஐந்தாறு தடவைதான் பார்த்திருக்கிறேன், அதுவும் பஸ் ஜன்னலால். பட்டுத்துணியை அதைவிடக் குறைவாகப் பார்த்திருக்கிறேன்.]

இரண்டாம் தொடக்கம்: ஆற்றோடு பிறந்து ஆற்றோடு வளர்ந்த அந்த இளைஞன்

[இதைக் கிருஷாந்தே வெட்டினான். "எனக்கு நீந்தப் பழகவே பதினஞ்சு வயசாச்சி அண்ணே. எங்க லயத்து வரிச வீடுங்கள்ல கொழா தண்ணிக்கே சண்ட."]

மூன்றாவது, வேறு வழியில்லாமல், நடந்தபடி.

கிருஷாந்த் எங்கள் ரப்பர் தோட்டத்தின் மேல் டிவிசனில் 1982இல் பிறந்தவன். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. அக்காவோடு பால் வெட்டப் போனான். மழை நாளில் வெட்டு இருக்காது. அப்படி ஒரு மழை நாளில் பஸ் ஏறி அரை மணி நேரத்தில் கித்துல்கலவுக்குப் போனான். அங்கே களனி ஆற்றில் வெள்ளைக்காரர்களை ரப்பர் படகில் ஏற்றிப் பாறைகளுக்கு நடுவே விடுகிற தொழில் அப்போதுதான் சூடுபிடித்திருந்தது. முதலில் படகு தூக்கினான். பிறகு துடுப்பு பிடித்தான். இருபத்திரண்டாவது வயதில் கயாக் வழிகாட்டியானான். கயாக் என்பது ஒடுக்கமான சின்ன ஓடம், இடுப்புவரை உள்ளே நுழைந்து உட்கார்ந்து இருபக்கத் துடுப்பால் தள்ள வேண்டும். ஆற்றங்கரையில் எல்லோரும் சிங்களவர்கள். அவனும் அவர்களைப் போலவே சிங்களம் பேசினான். ஆனால் எழுதத் தெரியாது, படிக்கத் தெரியாது. இதை நினைவில் வையுங்கள் என்று சொல்ல வந்தேன். வேண்டாம், நானே மறுபடி சொல்கிறேன்.

நியூசிலாந்துக்காரர் ஒருவர் ஆறு வாரம் வந்து தங்கி அவர்களுக்குக் கடல் கயாக் சொல்லிக்கொடுத்தார். எட்டுப் பேர் பயின்றார்கள். ஏழு பேர் ஃப்ளேயர் பாடத்தைச் சிரித்துக்கொண்டே கேட்டார்கள், ஏனென்றால் அது வாணம் விடுவதுபோல இருந்தது. கிருஷாந்த் ஒரு பழைய பயிற்சிக் கொப்பியில் எழுதிக்கொண்டான். அந்தக் கொப்பி இப்போது என் முன்னால் இருக்கிறது. அதிலிருந்து நான்கு வரிகள், அவன் எழுத்திலேயே:

'ஓடத்தின் பின்பெட்டியில் வைக்கக்கூடாது. கவிழ்ந்தால் எடுக்க ஏலாது. நெஞ்சோடு, கையெட்டும் தூரத்தில், தண்ணி போகாத பையில்.'

'காற்று போகிற பக்கம் கையை நீட்டிப் பிடிக்க வேண்டும். நெருப்பைப் பார்க்கக்கூடாது.'

'திகதி முடிந்தது நம்பக்கூடாது.'

'கடைசி ஒன்றை, ஆள் கண்ணுக்குத் தெரிந்த பிறகே.'

இதற்கு நான் வைத்த பெயர் அறியாமை.

3

2006 நவம்பரில் கித்துல்கலக் கம்பனி அவனைத் தெற்குக் கரையில் ஒரு ஹோட்டலுக்கு அனுப்பியது. ஹோட்டலின் பெயரைச் சொல்லமாட்டேன். அவர்கள் புதிதாக ஆறு கடல் கயாக் வாங்கியிருந்தார்கள், ஓட்டத் தெரிந்த ஆள் இல்லை. அதற்கு முந்தின மாதம்தான் தமிழ்ப் போராளிகள் படகில் வந்து காலித் துறைமுகத்தைத் தாக்கியிருந்தார்கள். கடல் என்ற சொல்லே சந்தேகத்துக்குரியதாகிவிட்ட காலம்.

ஹோட்டலின் சிங்களப் பையன்கள் இருவரைப் பழக்கித் தன்னோடு வழிகாட்டிகளாக வைத்துக்கொண்டான். படகுச் சாமான்களுக்குப் பொறுப்பு கிருஷாந்த். அலுமாரிச் சாவி அவனிடம். உள்ளே மூன்று ஃப்ளேயர்கள் இருந்தன. குழலில் திகதி அடித்திருந்தது: 2006 ஜூன் வரை.

புது ஃப்ளேயர் வாங்க வேண்டும் என்று மனேஜரிடம் சொன்னான். மனேஜர் கெட்ட மனிதரல்ல. [இந்த வாக்கியத்தை மூன்று முறை வெட்டி மூன்று முறை திரும்ப எழுதினேன். கிருஷாந்த் இருக்கட்டும் என்றான்.] அவர் கதவைச் சாத்திவிட்டு, சிங்களத்தில் தம்பி என்று அழைத்து, மெதுவாகச் சொன்னார். "மல்லி, வாங்கப் போனா யாருக்கு, எதுக்குன்னு கேப்பாங்க. ஒன் பேர எழுதணும். தமிழ்ப் பேர எழுதுனா ஹோட்டலுக்குப் பிரச்சின. இருக்கிற மூணையும் உள்ளயே பூட்டி வை. நீ கையில எடுத்துட்டுப் போகாத."

"மத்த ரெண்டு பேரும் கொண்டு போலாமா மாத்தயா?" என்று மரியாதை குறையாமல் கேட்டான்.

"அவங்க கொண்டு போலாம்."

மற்ற இருவரும் கொண்டு போகவில்லை. பை கனக்கிறது என்றார்கள். கரையோரமாகப் போய்க் கரையோரமாக வருவதற்கு எதற்கு என்றார்கள். கிருஷாந்த் யோசித்தான். ஆள் கடலில் நம்பி வருவது தன்னை. தன் பெயர் எதுவாக இருந்தாலும் காற்றுக்கு அது தெரியாது. மறுநாள் காலையிலிருந்து மூன்றையும் பையில் சுற்றி நெஞ்சில் கட்டிக்கொண்டு, மேலே மிதவை அங்கியைப் போட்டு மறைத்தான். சாயங்காலம் அலுமாரியில் திரும்ப வைத்தான். டிசம்பர், ஜனவரி, பெப்ரவரி. ஒருவருக்கும் தெரியாது.

பிறகு வழக்குத் தாளில் இது 'களவாக அகற்றிய வெடிபொருட்கள் மூன்று' என்று வந்தது.

[அடிக்குறிப்பு போல ஒன்று: ஃப்ளேயர் வெடிக்காது. எரியும். ஒரு நிமிடம் எரிந்து அணையும். நானே இதைச் சிங்கள அகராதியையும் ஆங்கில அகராதியையும் வைத்துக்கொண்டு நான்காவது மனுவில் ஒரு முழுப் பக்கம் விளக்கினேன். பதில் வந்தது: 'தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது.']

4

பெப்ரவரி 19, திங்கட்கிழமை. கரின் என்ற ஜெர்மன்காரப் பெண், நாற்பத்தைந்து வயது இருக்கும், தனியாக வந்து தங்கியிருந்தார். தன் ஊர் ஏரியில் கயாக் ஓட்டிப் பழகியவர். ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் பறவைகள் உட்காருகிற பாறை ஒன்று இருந்தது, அதைச் சுற்றி வர ஆசைப்பட்டார். மூன்றரை மணிக்கு இருவரும் ஆளுக்கொரு கயாக்கில் புறப்பட்டார்கள்.

கடல் எப்படி இருந்தது என்று மூன்று நாள் அவனைக் கேட்டுக்கொண்டிருந்தேன். "தண்ணி நல்லாத்தான் இருந்திச்சி, காத்துதான் சரியில்ல," என்றான் கடைசியில். பெப்ரவரிக் காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசும். கரையோரத்தில் நிற்கிறவனுக்கு அது தெரியாது, தென்னைகள் மறைத்துவிடும். பாறையைத் தாண்டிய பிறகுதான் முதுகில் கை வைத்துத் தள்ளும்.

பாறைக்குப் பின்னால் அலை குறுக்கே வந்து கரின் கவிழ்ந்தார். கிருஷாந்த் அவரை ஓடத்தில் திரும்ப ஏற்றியபோதுதான் பார்த்தான், வலது தோள் மூட்டு இறங்கித் தொங்குகிறது. இனி அவரால் துடுப்புப் போட முடியாது. அவர் கயாக்கைக் கயிற்றால் தன்னுடையதில் கட்டி இழுத்தான். ஒரு மணி நேரம் கரையைப் பார்த்தே துடுப்புப் போட்டான். ஹோட்டலின் சிவப்பு ஓட்டுக்கூரை பெரிதாகவில்லை. பிறகு சிறுக்கத் தொடங்கியது.

அப்போது அவனுக்குத் தன்

[அப்போது அவனுக்குத் தன் தாயின் முகம் நினைவுக்கு வந்தது என்று எழுதப் போனேன். வரவில்லையாம். "கயிறு அறுந்துருமோன்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன்."]

இழுப்பதை நிறுத்தினான். இரண்டு ஓடத்தையும் பக்கம் பக்கமாகச் சேர்த்து, தன் ஒரு கையால் கரினின் ஓடத்து விளிம்பைப் பிடித்துக்கொண்டான். கரினுக்கு உடம்பு நடுங்கத் தொடங்கியிருந்தது. "தூங்க வேணாம், பேசுங்க," என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னான். கரின் தன் நாயைப் பற்றிச் சொன்னார். அவன் ரப்பர் மரத்தில் எப்படிக் கோடு போடுவது என்று சொன்னான். ஆறே கால் மணிக்குச் சூரியன் இறங்கியது.

முதல் ஃப்ளேயரை எடுத்தான். மூடியைத் திருகிக் கயிற்றை இழுத்தான். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி இழுத்தான். செத்துப்போயிருந்தது. திகதி முடிந்தது நம்பக்கூடாது.

இரண்டாவது பற்றிக்கொண்டது. காற்று போகிற பக்கம் கையை நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டான். கடல் முழுக்கச் சிவப்பு. பொறி மணிக்கட்டில் விழுந்து தோல் வெந்தது. கையை மடக்கவில்லை. ஒரு நிமிடம். பிறகு முன்பிருந்ததைவிட அதிக இருட்டு.

யாரும் வரவில்லை.

[இன்னொரு அடிக்குறிப்பு: கரையில் பலர் அந்த வெளிச்சத்தைப் பார்த்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். கடலில் சிவப்பாக எதாவது எரிந்தால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிற காலம் அது. அவர்களைக் குறை சொல்ல வரவில்லை. கொஞ்சம் சொல்லத்தான் வருகிறேன்.]

5

இந்தப் பகுதியை நான் முதலில் இப்படி எழுதினேன்:

'தூரத்தில் கடற்படையின் ரோந்துப் படகு தெரிந்தது. தமிழனான தான் இருட்டில் நெருப்புக் காட்டினால் என்ன நடக்கும் என்று கிருஷாந்துக்குத் தெரியும். ஆயினும் அவன் ஒரு கணமும் தயங்கவில்லை. அந்தப் பெண்ணின் உயிரே பெரிதென்று எண்ணி மூன்றாவது ஃப்ளேயரைக் கொளுத்தினான்.'

படித்துக் காட்டியபோது எனக்கே அது பிடித்திருந்தது. கிருஷாந்த் தலையைச் சாய்த்து, வலது காதை என் பக்கம் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். இடது காது இப்போது கேட்காது.

"இதுவும் மனுதான் அண்ணே," என்றான்.

"என்னடா தப்பு இதுல?"

"நான் தயங்குனேன்."

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"படகு வெளிச்சம் நல்லாத் தெரிஞ்சிச்சி. இஞ்சின் சத்தமும் கேட்டிச்சி. மீன்காரங்க அந்த நேரத்துல வரமாட்டாங்க, நேவிதான்னு எனக்குத் தெரியும். கயித்துல விரல வச்சிட்டேன். இழுக்கல. போகட்டும்னு நெனச்சேன்."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு நிமிசம். ஒன்றரை இருக்கும். அந்த வெள்ளக்கார நோனா என்னையப் பாத்தாங்க. 'படகு, கிரிஷ், படகு'ன்னாங்க. நான் கேக்காத மாதிரி இருந்தேன். அப்பறம் அவங்க சொல்றத நிறுத்திட்டாங்க. கண்ணு மூடிக்கிச்சி. படகும் திரும்பிப் போக ஆரம்பிச்சிருச்சி. அப்பதான் இழுத்தேன்."

"இத எழுதணுமா?"

"இத எழுதாட்டி வேற எதுக்கு எழுதுறீங்க?"

ஆகவே எழுதிவிட்டேன். அவன் தயங்கினான். ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம். நண்பரே, நீங்கள் அவனை இதற்காக அளக்கத் தொடங்குமுன் ஒன்றைக் கவனியுங்கள். உலகத்தில் எந்தக் கடலிலும், மூழ்கப் போகிறவன் மீட்க வருகிற படகைப் பார்த்துக் கணக்குப் போட வேண்டியதில்லை. அந்த ஒன்றரை நிமிடம் அவனுடையதல்ல. அது அவன் கையில் கொடுக்கப்பட்டது.

ரோந்துப் படகு வந்தது. இறங்கிப் பிடித்துத் தூக்கிய கடற்படைக்காரர்கள் நல்ல பிள்ளைகள். "பயப்படாத மல்லி, பத்த வச்சது நல்லதாப் போச்சி, நாங்க திரும்பிப் போகப் பாத்தோம்," என்றான் ஒருவன். கரினைக் கம்பளியில் சுற்றினார்கள். இருவருக்கும் பிளேன்டீ கொடுத்தார்கள். கிருஷாந்த் தன் டீயைப் பாதி குடித்திருந்தபோது ஒருவர் பெயர் கேட்டார். சொன்னான். மீதி டீயைக் குடிக்க விடவில்லை.

கரை சேர்ந்ததும் அவனை வேறு ஆட்களிடம் கொடுத்தார்கள். யாரென்று அவனுக்கு இன்றுவரை தெரியாது.

"சிங்களம் இவ்வளவு நல்லா எங்க பழகுனே?"

"எட்டியாந்தோட்டையில மாத்தயா."

அடித்தார்கள். நல்ல சிங்களம் பேசுகிற தமிழன் எங்கேயோ பயிற்சி எடுத்திருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு. மூன்றாம் நாள் சிங்களத்தில் எழுதிய நான்கு தாளை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். பேச்சு அத்தனையும் தெரிந்தவனுக்கு எழுத்து ஒன்றும் தெரியாது. போட்டான்.

பிறகு மாதக் கணக்காக ஒரே கேள்வி. படகைப் பார்த்த பிறகும் ஏன் காத்திருந்தாய்? எந்தப் படகுக்காகக் காத்திருந்தாய்? கடலில் வேறு யார் இருந்தார்கள்?

"என்ன சொன்னே?" என்று கேட்டேன்.

"உண்மையத்தான். ஒங்களுக்குப் பயந்துதான் மாத்தயான்னு சொன்னேன். அதுக்குத்தான் இந்தக் காது."

காதைத் தடவிக்கொண்டே, "ஒன்னுதான் அண்ணே இன்னும் வெளங்கல," என்றான். "நான் காத்திருந்தது அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சிச்சி? கடல்ல நாங்க ரெண்டு பேருதான். நேவிக்காரங்க இருட்டுல பாத்திருப்பாங்களோ?"

"இருக்கும்," என்றேன் நான்.

6

இந்தப் பகுதியைக் கிருஷாந்த் இன்னும் படிக்கவில்லை. முதல் ஐந்தையும் ஒவ்வொன்றாக வாங்கிப் படித்துவிட்டான்.

2008 ஜூலையில் கொழும்பு வக்கீல் ஒருவர் வழக்குத் தாள்களின் பிரதியை எனக்குக் கொடுத்தார். அதில் ஆங்கிலத்தில் கையால் எழுதிய இரண்டு பக்கம் இருந்தது. கரின் எழுதியது. கரை சேர்ந்த அன்றே, ஆஸ்பத்திரிக் கட்டிலில், இடது கையால். கோணல்மாணலான எழுத்து. கிருஷாந்த் தன்னை எப்படி ஓடத்தில் ஏற்றினான், எப்படிப் பேச வைத்தான், அவன் இல்லாவிட்டால் தான் இறந்திருப்பேன் என்று ஒன்றே முக்கால் பக்கம் எழுதியிருக்கிறார். உண்மையான மனுஷி, ஒன்றையும் விடவில்லை. இரண்டாம் பக்கத்தில் ஒரு வாக்கியம். தமிழில் தருகிறேன்:

'படகு எங்கள் இருவருக்கும் தெளிவாகத் தெரிந்த பிறகும் அவர் சிறிது நேரம் கடைசி ஃப்ளேயரைக் கொளுத்தாமல் காத்திருந்தார். ஏனென்று எனக்குப் புரியவில்லை.'

அந்த ஒரு வாக்கியத்துக்குக் கீழே யாரோ சிவப்புப் பேனாவால் கோடு போட்டிருந்தார்கள். மற்ற ஒன்றே முக்கால் பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

ஷாமிளாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவள் இரண்டு தடவை சொல்லச் சொன்னாள். பிறகு தாளை என்னிடமிருந்து வாங்கி, படிக்கத் தெரியாத எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, இது அவனுக்குத் தெரிய வேணாம்."

"தெரிஞ்சா என்ன?"

"போன வாரம் பாக்கப் போனப்ப என்ன சொன்னான் தெரியுமா? 'அந்த நோனா உசுரோட ஊரு போய்ச் சேந்துட்டாங்கல்ல, அது போதும்க்கா'ன்னான். அதப் புடிச்சிக்கிட்டுத்தான் உள்ள கெடக்குறான். அதையும் புடுங்கிறாதீங்க."

நான் புடுங்கவில்லை. தாளை மேசையின் கீழ் இழுப்பறையில், பழைய மனுக்களுக்கு அடியில் வைத்தேன். டிசம்பரில் குற்றப்பத்திரிகை எதுவும் இல்லாமலே அவனை விட்டார்கள். 'விடுதலை' என்றுகூட எழுதவில்லை, 'மேலும் தேவைப்படவில்லை' என்று எழுதினார்கள். அவன் வந்தான், மனுக்களைப் படித்தான், அறியாமையா என்று கேட்டான். அப்போதும் நான் இழுப்பறையைத் திறக்கவில்லை. ஒரு பொய்யைத் திருத்துவதற்கு எழுதத் தொடங்கிய கதைக்குள் இன்னொரு பொய்யை வைத்துக்கொண்டே பத்து மாதமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

யார் மீது கோபம் என்று கேட்பீர்கள். சிவப்புப் பேனாக்காரன் மீதா? நிச்சயமாக. ஆனால் அவன் முகம் எனக்குத் தெரியாது, அதனால் அந்தக் கோபம் எங்கேயும் போய் உட்கார மாட்டேன் என்கிறது. கரின் மீது? அவர் பார்த்ததை எழுதினார். தனக்குப் புரியவில்லை என்பதைக்கூட நேர்மையாக எழுதினார். அவருடைய நாட்டில் புரியாத ஒன்றை எழுதினால் யாராவது விளக்கம் கேட்பார்கள் போலிருக்கிறது. அந்த நம்பிக்கை மீதுதான் எனக்குப் பொறாமையும் ஆத்திரமும்.

7

ஐந்தாம் பகுதியோடு கதையை முடித்திருப்பேன். ஆனால் இன்று, 2009 நவம்பர் மாதம் இரண்டாவது ஞாயிறு, காலை பத்தரை மணிக்கு ஒரு வேன் என் கடை முன்னால் நின்றது. வெள்ளைக்காரப் பெண் ஒருவர் இறங்கினார். வலது கையை முழுதாகத் தூக்க முடியாமல் இடது கையால் கதவைச் சாத்தினார்.

கித்துல்கலக் கம்பனிக்காரர்கள் கிருஷாந்த் இருக்கும் இடம் தெரியாது என்று சொல்லி, என் கடையைக் காட்டி அனுப்பியிருக்கிறார்கள். யுத்தம் முடிந்துவிட்டதே, அதனால் வந்தேன் என்றார் கரின். ஹோட்டல் முகவரிக்கு ஆறு கடிதம் போட்டாராம். பதில் இல்லை. கிருஷாந்துக்குத் தன்மேல் ஏதோ வருத்தம் என்று நினைத்தாராம்.

"அவர் நலமா?" என்று கேட்டார்.

நான் சிறையைப் பற்றிச் சொன்னேன். என் ஆங்கிலத்தில் அது ஐந்து வாக்கியத்துக்குமேல் வரவில்லை. அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆனால் நான் எல்லாவற்றையும் எழுதிக்கொடுத்தேனே," என்றார். "அவர்தான் காப்பாற்றினார் என்று எழுதினேனே. அதை யாரும் படிக்கவில்லையா?"

ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஷாமிளா சாமான் வாங்க பஜாருக்கு வந்திருந்தாள். வேனைப் பார்த்துக் கடைக்குள் வந்து, என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன சொல்றா இவ?"

சொன்னேன்.

"படிச்சாங்கன்னு சொல்லுங்க. நல்லாவே படிச்சாங்கன்னு சொல்லுங்க."

"ஷாமிளா, நீதான சொன்னே..."

"அவனுக்குத் தெரிய வேணாம்னு சொன்னேன். இவளுக்குத் தெரிய வேணாம்னு நான் எப்ப சொன்னேன்? இருவத்திரண்டு மாசம் பஸ் ஏறிப் போனவ நான். இவ ஆறு கடுதாசி போட்டாளாம்."

கரின் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "அவரிடம் ஒன்று கேட்க வேண்டும்," என்றார் தயங்கித் தயங்கி. "கடைசி வெளிச்சத்தை அவர் ஏன் உடனே கொளுத்தவில்லை? இத்தனை நாளும் அது என் மனதில் இருக்கிறது. கோபமில்லை. புரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்."

நான் இதை ஷாமிளாவுக்கு மொழிபெயர்க்கவில்லை. அவள் கடைக்குள் வருமுன்பே கிருஷாந்துக்குப் போன் செய்து முடித்திருந்தாள். 'கடைக்கு வாடா, ஒன்னத் தேடி ஆளு வந்திருக்கு' என்றாளாம். யாரென்று சொல்லவில்லையாம். மேல் டிவிசனிலிருந்து இறங்கி பஸ் பிடித்து வர முக்கால் மணி நேரம் ஆகும்.

அந்த முக்கால் மணி நேரத்தில்தான் ஆறாம் பகுதியையும் இதையும் எழுதிக்கொண்டிருக்கிறேன். கரினுக்குப் பக்கத்துக் கடையிலிருந்து டீ வந்தது, தொடவில்லை. ஷாமிளா வாசல்படியில் உட்கார்ந்து முதுகைக் காட்டிக்கொண்டிருக்கிறாள்.

இந்த நேரத்துக்குள் மூன்று முடிவுகளும் எழுதிப் பார்த்துவிட்டேன். ஒன்றில் இருவரும் அழுது, கையைப் பிடித்துக்கொண்டு, எல்லாம் சரியாகிவிடுகிறது. பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும். கிழித்துவிட்டேன். இன்னொன்றில் கிருஷாந்த் அந்த வாக்கியத்தைப் படித்து, மேசையைப் புரட்டி, காது கேட்காத பக்கத்தைக் கரினுக்குக் காட்டிக் கத்துகிறான். இதை எழுதும்போது எனக்குச் சுகமாக இருந்தது. ஆனால் அது என் கோபம், அவனுடையதல்ல. அவன் கோபப்படும்போது தாள்களின் விளிம்பைத் தட்டி அடுக்குகிறவன்.

மூன்றாவதுதான் ஆபத்தானது, ஏனென்றால் அது நடக்கக்கூடியது. ஆறாம் பகுதியை இழுப்பறையில் போட்டுப் பூட்டுகிறேன். கரினிடம், அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள் அம்மா, அவன் மனம் நோகும் என்கிறேன். அவர் நல்லவர், கேட்கமாட்டார். இருவரும் டீ குடிக்கிறார்கள். படம் எடுத்துக்கொள்கிறார்கள். வேன் போகிறது. அவன் தான் பிடித்துக்கொண்டிருந்ததைப் பிடித்துக்கொண்டே இருப்பான், ஒவ்வொரு நாளும் தனக்குத்தானே கேட்டுக்கொண்டு: எப்படித் தெரிஞ்சிச்சி? எல்லோருக்கும் நல்லது. எழுதி முடித்துப் பார்த்தால் அது பன்னிரண்டாவது மனு.

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? 'பாவம்' என்று மட்டும் சொல்லாதீர்கள். அதை இருபத்தாறு வருடமாகக் கேட்டுவிட்டேன்.

தெரணியகல பஸ் வந்து நிற்கிறது. முன்பக்கக் கதவால் கிருஷாந்த் இறங்குகிறான். வேனைப் பார்க்கிறான். வாசல்படியில் அக்காவைத் தாண்டி உள்ளே வந்து, கரினைப் பார்த்து நின்றுவிட்டான். கரின் எழுந்து நிற்கிறார். அவன் முகத்தில் வந்தது என்னவென்று எழுதத் தெரியவில்லை. இத்தனை வருடத்தில் ஒருவரைப் பார்த்து அவன் முகம் அப்படி ஆனதை நான் கண்டதில்லை.

ஆறாம் பகுதி மேசைமேல் இருக்கிறது, மேல் தாளாக. என் உள்ளங்கை அதன்மேல்.

"எழுதியாச்சா அண்ணே?" என்று கேட்கிறான், கண்ணை அவரிடமிருந்து எடுக்காமலே. எப்போதும் அப்படித்தான், கடைக்குள் வந்ததும் அதைத்தான் கேட்பான்.

கையை நீட்டுகிறான். அவருக்கா, தாளுக்கா என்று எனக்குத் தெரியவில்லை. நான் தாள்மேலிருந்து என் கையை எடுக்கிறேன்.